நடுச்சுவரில் கொஞ்சம் ஈரம்

“பேய் இருக்குன்னு சொன்னாக்கூட நான் வித்துடுவேன் மேடம். ‘தனியா இருக்கீங்களே, துணைக்கு ஆள் இருக்கு’ன்னு சொல்லியே வித்துடுவேன். இந்த வீட்டை மட்டும் என்னால தள்ள முடியலை!”

வீட்டுத் தரகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எதிர்ச்சாரியில் நின்றது அந்த வீடு. வெளிர் மஞ்சள் சுவர், பச்சை கேட், படியோரம் தொட்டிச் செடிகள். யார் வம்புக்கும் போகாத முகம் அதற்கு.

அண்ணி வீட்டைப் பார்க்கவில்லை. தரகரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்தன் ‘அண்ணி, அண்ணி’ என்று வீடு அதிரக் கூப்பிட்டதில், பால்காரர் முதல் போலீஸ்காரர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். துப்பறியும் அலுவலகம் திறந்தபோது வாசல் பலகையிலும் அதுவே ஏறிவிட்டது. துப்பறிய அவள் எங்கும் போய்ப் படிக்கவில்லை. சொந்த வீடு தேடிப் பல வருடம் அலைந்திருக்கிறாள், அவ்வளவுதான். வீடு காட்டுகிறவன் எதை மறைக்க நினைக்கிறானோ அதன் முன்னால்தான் நிற்பான் என்பது அந்த அலைச்சலில் கற்ற முதல் பாடம்.

கொழுந்தன், வேலை கிடைக்கும்வரை உதவியாளனாக இருக்கிறேன் என்று வந்தவன். அந்த வேலைக்கு விலாசம் தெரியவில்லை போலிருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை. எந்நேரமும் அண்ணியின் பின்னாலேயே போவதால் அவனுக்கு ‘வால்’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

“வர்ற பார்ட்டி எல்லாம் எதைப் பாத்து ஓடறாங்க?” என்று அண்ணி கேட்டாள்.

“அதுதான் மேடம் வேடிக்கை. முதல் தடவை வந்தப்ப எல்லாருக்கும் பிடிச்சுது. ரெண்டாவது தடவை வந்தா ஹால் நடுச்சுவர்ல ஈரம் கசிஞ்சு பெரிய ஓதம். சமையலறைக் குழாயை மூடினா வீடே இடியுது. ‘போன வாரம் நல்லா இருந்துதே’ன்னு முகத்தைச் சுளிச்சுக்கிட்டுப் போயிடறாங்க. யாரோ வேணும்னே கெடுக்கறாங்க. பக்கத்து வீட்டுக்காரர் மேல எனக்கு ஒரு கண்ணு. அடிமாட்டு விலைக்குக் கேட்டுப் பாத்தவர்.”

“விக்கறவங்க?”

“புருஷன் பெண்டாட்டி. அவர் பள்ளிக்கூடத்துல ஓவிய வாத்தியார். அந்தம்மா வீட்லயே தையல் மிஷின் போட்டிருக்காங்க. வீடு வித்ததும் அவர் பள்ளி விடுதியில ஒரு ரூமுக்குப் போறார். அந்தம்மா அக்கா வீட்டுக்குப் போறாங்க.”

தரகர் இதைக் காற்றோட்டமான அறை, கார் நிறுத்த இடம் என்கிற தொனியிலேயே சொல்லி முடித்தார். அண்ணி நிமிர்ந்தாள்.

“தனித்தனியாவா?”

“ரெண்டு பேரும் நேர்ல பேசிக்கிட்டு மாசக்கணக்காச்சு. அது அவங்க பாடு. நாலு மணிக்கு ஒரு பல் டாக்டரம்மா அட்வான்ஸோட வர்றாங்க. என் கடைசி நம்பிக்கை. அதுக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்.”

“சரி. நாங்களும் வீடு பாக்க வந்திருக்கோம்னு சொல்லுங்க. இவனுக்குக் கல்யாணம், தனிக்குடித்தனம்.”

வால் காலரைச் சரிசெய்துகொண்டான். “பொண்ணு யாரு அண்ணி?”

“வீடு கிடைக்கட்டும், பொண்ணு தானா கிடைக்கும்.”

“வேலை?”

“அதை மட்டும் யாரும் கேக்காம இருக்கணும்னு வேண்டிக்க.”

*

கதவைத் திறந்தது வாத்தியார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரஷ் இருந்தது. உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“வீடு பாக்க வந்திருக்காங்கன்னு உள்ள சொல்லிடுங்க” என்றார் வாத்தியார், தரகரிடம்.

“காதுல விழுந்துதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க” என்று உள்ளிருந்து குரல் வந்தது, தரகருக்கே.

தரகர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். பழக்கப்பட்டவர்.

வால் அண்ணியின் காதருகே குனிந்தான். “இந்தாளுக்குக் கமிஷனோட தபால் செலவும் சேத்துக் குடுக்கணும்.”

ஹாலுக்குள் நுழைந்ததும் அண்ணி எதுவும் பேசாமல் நின்றாள். புது வீட்டுக்குள் போனால் முதலில் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பது அவள் கொள்கை. நாம் பேசினால் வீடு பேசாது. மூக்கையும் காதையும் திறந்து வைத்தால், எலி இருந்தால் எலி சொல்லும், சாக்கடை இருந்தால் சாக்கடை சொல்லும்.

இந்த வீட்டில் முதலில் பேசியது ஜன்னல். திரைச்சீலை மாட்டிய கம்பி ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இறங்கி, சறுக்குமரம் மாதிரி இருந்தது. வால் தலையைச் சாய்த்து அதற்கு நேராக நின்று பார்த்தான்.

“சார், கம்பி கோணலா, இல்ல நான் கோணலா?”

வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு உள்ளறை வாசற்படியில் வந்து நின்றாள். “அப்படியே கேளுங்க தம்பி. இந்த வீட்டை விக்கறதே அந்தக் கம்பியாலதான்.”

“கம்பியாலயா?”

“மாட்டின அன்னிக்கே கோணல்னு சொன்னேன். ஒரு ஓட்டையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டா என்னன்னு கேட்டேன். ‘அங்க போட முடியாது’ன்னார் இவர். ஏன்னு கேட்டா, ‘முடியாதுன்னா முடியாது’. பேச்சு வளந்துது. ‘கம்பி பிடிக்கலைன்னா வீட்டையே வித்துடலாம்’னார். ‘வித்துடுங்க’ன்னேன்.”

“சொன்னாங்க” என்றார் வாத்தியார் சுவரைப் பார்த்து. “நல்லா சத்தமாவே சொன்னாங்க.”

அண்ணி பேச்சை மாற்றினாள். “மொட்டை மாடித் தொட்டியிலேருந்து தண்ணிக் குழாய் எந்தச் சுவருக்குள்ள இறங்குது?”

“அது... ஜன்னல் சுவருக்குள்ள” என்றார் வாத்தியார்.

“எதுக்கு அண்ணி இது?” என்றான் வால்.

“வீடு வாங்கறவன் சாவி வாங்கறதுக்கு முன்னால இதைக் கேட்டு வெச்சுக்கணும். இல்லைன்னா படம் மாட்டப் போய்க் குளிச்சுட்டு வருவான்.”

பிறகுதான் அவள் நடுச்சுவர்ப் பக்கம் திரும்பினாள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் இடையே இருந்த சுவர் அது. அதன் நடுவில், ஒரு பெரிய பலாமர இலையைப் போல் பழுப்பு நிறத்தில் ஓதம் படர்ந்திருந்தது. ஓரத்தில் கரும்பழுப்பு, உள்ளே போகப் போக வெளிர் பழுப்பு, மையத்தில் லேசான பளபளப்பு. அதன் தலைப்பக்கம் ஓர் ஆணி மட்டும் தனியாக நின்றது. ஆணியைச் சுற்றி ஒரு நீள்சதுரம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது.

“எனக்குக் குலையே நடுங்குதுங்க” என்று தையல்காரம்மா அருகே வந்தாள். “ஒரு நாள் காலைல எழுந்து பாக்கறேன், இப்படிப் பூத்திருக்கு. அதுவும் தினம் கொஞ்சம் பெருசாகுது. சுவரே இத்துப் போச்சோ, ஒரு நாள் ராத்திரி தலையில விழுமோன்னு பயமா இருக்கு. வாங்கறவங்களுக்கு மறைக்கக் கூடாதில்ல, அதான் சொல்றேன்.”

அண்ணி உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். ஓதத்துக்கு மேலே காய்ந்திருந்தது. கீழேயும் காய்ந்திருந்தது. மூக்கை வைத்து முகர்ந்தாள். வாலையும் கூப்பிட்டாள்.

“என்ன வாசனை?”

“எனக்கு இப்ப ஒரு பிஸ்கட் வேணும்போல இருக்கு அண்ணி. ஏன்னு தெரியலை.”

“வேற குறை ஏதாவது உண்டா?” என்று அண்ணி வாத்தியாரிடம் கேட்டாள்.

அவர் முகம் உடனே கவலையில் சுருங்கியது. “சமையலறைக்கு வாங்க. அதைக் காட்டாம விட்டா பாவம். எனக்குத் தூக்கமே போச்சு.”

*

சமையலறையில் அவர் குழாயைத் திறந்து, சட்டென்று மூடினார்.

டொம்! டொம் டொம்!

தரகர் கைக்குட்டையைத் தவறவிட்டார். அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

“கேட்டீங்களா? முன்னெல்லாம் சத்தமே இருக்காது. உள்ளுக்குள்ள குழாய் எல்லாம் செத்துக்கிட்டிருக்கு. என்னிக்கு வெடிச்சுத் தரையெல்லாம் தண்ணியாகுமோ.” அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. “பாத்துப் பாத்து வாங்கின வீடு.”

தையல்காரம்மா அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடவே இல்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி தரையில் உட்கார்ந்து, தொட்டிக்குக் கீழே தலையை விட்டாள். “பாத்திரம் தேய்க்கற தொட்டிக்குக் கீழ எட்டிப் பாக்காம யாரும் வீடு வாங்கக் கூடாது” என்று உள்ளிருந்து அவள் குரல் வந்தது. “வீட்டுக்காரங்க குணம் எல்லாம் இங்கதான் இருக்கும். டார்ச் குடுடா.”

வெளிச்சத்தில் குழாய் சுவரை ஒட்டி ஓடியது. அதைச் சுவரோடு பிடித்துவைக்கும் கிளாம்ப் ஒன்றுகூட இல்லை. ஸ்க்ரூ இருந்த துளைகள் மட்டும் சுத்தமாக, உடையாமல், வட்டமாக இருந்தன. பிடி இல்லாத குழாய், தண்ணீர் நின்ற அதிர்ச்சியில் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

அண்ணி எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். “படுக்கையறை பாக்கலாமா?”

*

படுக்கையறையில் பாதி இடத்தை அட்டைப் பெட்டிகள் அடைத்திருந்தன. எல்லாம் டேப் ஒட்டி, கயிறு கட்டி, கூரையைத் தொடும் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ‘பாத்திரம்’, ‘துணி’, ‘புத்தகம்’ என்று எழுதியிருந்தது.

“பாருங்க” என்றார் வாத்தியார் மெதுவாக. “இன்னும் அட்வான்ஸே வாங்கலை. அதுக்குள்ள மூட்டை கட்டியாச்சு. எவ்வளவு அவசரம் பாத்தீங்களா?”

“ஆணியில இருந்த கல்யாண போட்டோவை அதுக்கும் முன்னாலயே கழட்டி எறிஞ்சாச்சு” என்றாள் தையல்காரம்மா தரகரைப் பார்த்து. “அவசரத்தைப் பத்தி யார் பேசறதுன்னு இல்ல.”

அண்ணி வாலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். “அந்தப் பெட்டி அலமாரியை மறைக்குது. கொஞ்சம் நகர்த்து.”

வால் ‘புத்தகம்’ என்ற பெட்டியைப் பார்த்தான். கையைத் தேய்த்துக்கொண்டான். மூச்சை இழுத்தான். “முதுகு பிடிச்சுக்கிட்டா வைத்தியச் செலவு உங்களோடது” என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் அணைத்து, முழு பலத்தையும் திரட்டித் தூக்கினான்.

பெட்டி தலைக்கு மேல் பறந்தது. வால் அதைத் தொடர்ந்து போய், பின்னால் இருந்த ‘பாத்திரம்’, ‘துணி’ எல்லாவற்றின் மீதும் விழுந்தான். பாத்திரம் எதுவும் உருளவில்லை. வாலின் சட்டைப் பொத்தான் ஒன்று மட்டும் தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடியது.

“என்ன புத்தகம் படிக்கறீங்கம்மா?” என்று பெட்டிகளுக்குள்ளிருந்து கேட்டான். “கனமே இல்லாத எழுத்தா இருக்கே.”

தையல்காரம்மாவின் முகம் சிவந்தது. அடுத்த கணமே தொழில் புத்தி முந்திக்கொண்டது. “ஐயோ, பொத்தான் போச்சே! கழட்டாதீங்க தம்பி, அப்படியே நில்லுங்க, தச்சுத் தர்றேன்.” மிஷின் மேசையிலிருந்து பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து, அதே நிறத்தில் ஒன்றைத் தேடினாள்.

அண்ணி அந்த டப்பாவை எட்டிப் பார்த்தாள். பொத்தான், கொக்கி, ஊசி. அடியில் மெல்லிய துணியில் சுற்றி, நூலால் கட்டிய ஒரு சின்னப் பொட்டலம். துணியின் ஓட்டை வழியே ஒரு ஸ்க்ரூவின் தலை பளபளத்தது.

அண்ணி ஒன்றும் பார்க்காதவள் போல் சுவர் அலமாரிப் பக்கம் போனாள். “அலமாரியைத் திறந்து மோந்து பாக்கலாம் இல்ல? பூஞ்சை இருந்தா அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.”

“அதுல என் ஓவியச் சாமான்தான்...” என்று வாத்தியார் முன்னால் வந்து நின்றார்.

அவர் நின்ற இடத்தைப் பார்த்து அண்ணி புன்னகைத்தாள். அவர் நகர வேண்டியதாயிற்று. வண்ணக் குப்பிகள், பிரஷ்கள், செடிக்குத் தெளிக்கும் சின்ன ஸ்ப்ரே பாட்டில். அதில் பாதியளவு பழுப்புத் தண்ணீர். மேல் தட்டில் துண்டில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலையிலும் பஞ்சு வைத்துக் கட்டிய ஒரு நீள்சதுரம்.

அண்ணி கதவை மெல்லச் சாத்தினாள். “பூஞ்சை இல்லை. கொல்லைப்பக்கம் பாத்துட்டு வர்றோம்.”

*

கொல்லையில் துணிக்கொடிக்கு அடியில் நின்று வால் புதுப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

“கேஸ் முடிஞ்சுது அண்ணி. வாத்தியார்தான். தேயிலைத் தண்ணி. அதான் பிஸ்கட் ஞாபகம் வந்துது.”

“எப்ப சந்தேகம் வந்துது உனக்கு?”

“நீங்க சிரிச்சப்ப.”

“நிஜ ஓதம் ஒண்ணு கீழேருந்து ஏறும், இல்ல மேலேருந்து இறங்கும். இது நடுவுல தீவு மாதிரி மிதக்குது. அதுவும் உள்சுவர், உள்ள குழாயே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் தலைகீழா நின்னாலும் அங்க ஈரம் கொண்டுவர முடியாது. எல்லாத்துக்கும் மேல, ஓரத்துல இருந்த நிழல் வேலையைப் பாத்தியா? ஓதத்துக்கு யாராவது ஷேடிங் குடுப்பாங்களா? பாவம், கை சும்மா இருக்கலை அவருக்கு.”

“அப்ப உள்ள போய்ச் சொல்லிடலாம். தரகர் சந்தோஷப்படுவார்.”

“பாதிதான் முடிஞ்சிருக்கு. அந்தம்மா எதுக்குப் பயந்தாங்க?”

“ஓதத்துக்கு.”

“குழாய்ச் சத்தத்துக்கு?”

வால் யோசித்தான். “சமையல்கட்டுல அவ்வளவு பெரிய இடி இடிச்சுது, அவங்க கண்ணைக்கூடச் சிமிட்டலை.”

“அவர்?”

“குழாய்க்கு அழாத குறை. ஓதத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.” அவன் வாய் மெல்லத் திறந்தது. “அண்ணி...”

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. பல் டாக்டரம்மா வந்துவிட்டாள்.

*

டாக்டரம்மா வேகமான பெண்மணி. செருப்பைக் கழற்றும்போதே கூரையைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியை எடுத்து, கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் விட்டுப் பார்த்தாள். விரல் முட்டியால் சுவரைத் தட்டினாள். சமையலறையில் தொட்டிக்குக் கீழே கண்ணாடியை நீட்டி, “ம், இன்னும் கொஞ்சம் திறங்க” என்றாள். தரகர் அனிச்சையாகத் தன் வாயைத் திறந்தார்.

ஓதத்தைப் பார்த்தாள். இடியைக் கேட்டாள். தரகர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அவ்வளவுதானா?” என்றாள் டாக்டரம்மா. “சுரண்டி, காயவிட்டு, அடைச்சுப் பூசினா போச்சு. குழாய் ஆடுது, கட்டிடலாம். இதுக்கெல்லாம் பயந்து யாராவது பிடுங்குவாங்களா? வேர் நல்லா இருக்கு. எனக்கு வீடு பிடிச்சிருக்கு.”

அவள் காசோலைப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பேனா மூடி திறந்த சத்தம் அந்த ஹாலில் குழாய் இடியைவிடப் பெரிதாகக் கேட்டது.

வாத்தியார்தான் முதலில் அசைந்தார். “டாக்டர், அவசரப்படாதீங்க. ஓதம் இங்க மட்டும் இல்லை. மழை வந்தா...”

“ஆமா, மழை வந்தா ரொம்ப மோசம்” என்றாள் தையல்காரம்மா.

“தெருவுல நாய்த் தொல்லை வேற. ராத்திரி பூரா குரைக்கும்.”

“குரைக்கறதுகூடக் கேக்காதுங்க, குழாய்ச் சத்தத்துல!”

“வெயில் காலத்துல இந்த ரூம் அடுப்பு.”

“பனிக் காலத்துல அதே ரூம் ஐஸ் பெட்டி.”

“கதவெல்லாம் உப்பிக்கும்.”

“உப்பாத கதவு தானா திறந்துக்கும்!”

பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே கட்சியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்கே உறைக்கவில்லை. தரகர் சோபாவில் சரிந்து உட்கார்ந்து, “இப்படி விளம்பரம் பண்ணா எப்படிம்மா?” என்று தீனமாகக் கேட்டார்.

“டாக்டர், பேனாவை மூடுங்க” என்றாள் அண்ணி. “அதுக்கு முன்னால ஒரு விஷயம். நீங்க இதுவரைக்கும் கேட்டதெல்லாம் பொய். இந்த வீட்ல ஒரு குறையும் கிடையாது.”

டாக்டரம்மாவின் பேனா காசோலைக்கு மேலேயே நின்றது.

“வாத்தியார் சார், ஓதத்தை ரொம்ப அழகா வரைஞ்சிருக்கீங்க. தேயிலைத் தண்ணி, ஸ்ப்ரே பாட்டில். ஓரத்துல ஷேடிங் மட்டும் குடுக்காம இருந்திருக்கலாம்.”

தையல்காரம்மா மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். பல மாதங்களில் முதல்முறையாக நேராக, அவர் முகத்தை.

“நீங்களா?”

“நான்...” வாத்தியார் பிரஷ்ஷைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மறுபடி வைத்தார்.

“எனக்கு உயிரே போச்சு! ராத்திரி தலையணையைத் தள்ளிப் போட்டுக்கிட்டுப் படுத்தேன்!”

“கோவிச்சுக்காதீங்கம்மா” என்றாள் அண்ணி. “அவரும் தூங்கலை. குழாய் வெடிச்சுடும்னு பயந்துக்கிட்டிருந்தார். அந்தக் கிளாம்ப் ஸ்க்ரூ எல்லாம் உங்க பொத்தான் டப்பாவுல பத்திரமா இருக்கு.”

இப்போது வாத்தியார் திரும்பினார். “நீயா?”

தையல்காரம்மா அளவு நாடாவை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

தரகர் எழுந்தே விட்டார். “ரெண்டு பேருமேவா? ஒரே வீட்டை ரெண்டு பக்கமும் நின்னு கெடுத்திருக்கீங்க, ஒருத்தருக்கொருத்தர் தெரியாதா?”

“எப்படித் தெரியும்?” என்றாள் அண்ணி. “அவர் விக்கத் துடிக்கறார்னு இவங்க நினைச்சாங்க. இவங்க போகத் துடிக்கறாங்கன்னு அவர் நினைச்சார். விக்கத் துடிக்கற ஆள் சுவரைக் கெடுப்பாரா? அதனால ரெண்டு பேருக்கும் சந்தேகமே வரலை. தான் கெடுத்தது பொய்னு தெரியும், அதனால அதுக்குப் பயம் இல்லை. அடுத்தவர் கெடுத்ததை நிஜம்னு நம்பி நடுங்கினாங்க. அந்தப் பயத்தை வெச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது.”

“அந்தப் பெட்டிங்க?” வாத்தியார் படுக்கையறைப் பக்கம் கை காட்டினார். “மூட்டை கட்டிட்டாளே.”

“காலிப் பெட்டி சார்” என்றான் வால். “என் முதுகு சாட்சி.”

“நீங்க போட்டோவைக் கழட்டினதும் எனக்குக் கோவம் வந்துது” என்றாள் தையல்காரம்மா தலை நிமிராமல். “நானும் கிளம்பத் தயார்னு காட்டணும்னு... கட்டறதுக்குக் கை வரலை. அதான் வெறும் பெட்டியை ஒட்டினேன்.”

வாத்தியார் உள்ளே போனார். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. திரும்பி வந்தபோது கையில் அந்தக் கல்யாண போட்டோ. கண்ணாடியில் ஒரு தூசிகூட இல்லை.

“சுவர்ல தண்ணி அடிக்கறப்ப இது நனைஞ்சுடக் கூடாதுன்னு எடுத்து வெச்சேன்” என்றார். “வேற ஒண்ணும் இல்லை.”

தையல்காரம்மா போட்டோவை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்க அதில் எதுவும் இல்லை. இருந்தாலும் ரொம்ப நேரம் துடைத்தாள்.

டாக்டரம்மா தொண்டையைச் செருமினாள். “எல்லாம் சரி. குறை இல்லாத வீடுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப எனக்கு இது?”

“வீடு வாங்கறவங்க கடைசியா ஒண்ணு பாக்கணும் டாக்டர்” என்றாள் அண்ணி. “காலியா இருக்கான்னு. பெட்டி அடுக்கியிருக்குன்னு நம்பிடக் கூடாது. இந்த வீடு காலி இல்லை.”

டாக்டரம்மா ஒரு நிமிடம் அந்த இருவரையும் பார்த்தாள். பேனாவை மூடினாள். “எனக்குக் கையெழுத்துப் போட்டப்புறம் அழறவங்களைப் பிடிக்காது. முன்னாலயே அழுதுட்டாங்க, நல்லதாப் போச்சு.” தரகரின் தோளைத் தட்டினாள். “வேற வீடு காட்டுங்க. முதல்ல உங்க கடைவாய்ப் பல்லைக் காட்டுங்க. அப்பவே பாத்தேன், சரியில்லை.”

*

டாக்டரம்மாவின் கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. தரகர் கேட்டில் சாய்ந்து நின்று, போகும் கமிஷனைக் கண்ணால் வழியனுப்பினார்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“இன்னும் கொஞ்சம் மேல!”

“மேல போட முடியாதுன்னு சொல்றேன்ல!”

“ஏன் முடியாது? எனக்கு நேரா வேணும்!”

தரகரின் முகம் மலர்ந்தது. “மேடம்! மறுபடி சண்டை! கம்பிச் சண்டை! டாக்டரம்மாவுக்குப் போன் போடட்டுமா?”

“கொஞ்சம் இருங்க” என்றாள் அண்ணி. “இப்ப அவங்க உங்க மூலமா பேசலை. கவனிச்சீங்களா?”

தரகர் காதைத் தீட்டினார். துளை போடும் மிஷின் உறுமியது. நின்றது. மறுபடி உறுமியது.

பிறகு ‘புஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். ஜன்னல் வழியே தண்ணீர் ஒரு வில்லாக வளைந்து தொட்டிச் செடிகளின் மேல் கொட்டியது.

“ஐயோ! என்னங்க, தண்ணி! மூடுங்க, மூடுங்க!”

“நீ போய் வால்வை மூடு! நான் விரலை வெச்சுக்கிட்டிருக்கேன்!”

“அங்க குழாய் இருக்குன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னவாம்?”

“அதான் போட முடியாதுன்னு சொன்னேனே!”

“முடியாதுன்னுதான் சொன்னீங்க, குழாய்னு எங்க சொன்னீங்க?” என்ற குரல் பாதியில் உடைந்து சிரிப்பாக மாறியது. அவர் குரலும் அதோடு சேர்ந்துகொண்டது. வால்வை மூட யாரும் போனதாகத் தெரியவில்லை.

நனைந்த மஞ்சள் சுவரில், ஜன்னலுக்குக் கீழே ஈரம் மெல்லப் படர்ந்து இறங்கியது. மேலிருந்து கீழாக, இறங்க வேண்டிய முறைப்படி.

“அண்ணி, இது நிஜ ஓதம்” என்றான் வால்.

அண்ணி குடையை விரித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள்.

“நல்லதாப் போச்சு. இனிமே இந்த வீட்டை யாரும் வாங்க மாட்டாங்க.”